பட்டப்பெயரைப் பிறர்தான் வைப்பார்கள்: அமெரிக்க மாநிலங்களின் மறுபெயர்கள் பிறந்த விதம்

அமெரிக்கச் செய்திகளைப் படிப்பவர்களுக்கு அடிக்கடி வரும் குழப்பம் இது. தேர்தல் நேரத்தில் ‘பக்கை மாநிலம்’ யார் பக்கம் சாயும் என்று எழுதியிருப்பார்கள். விளையாட்டுப் பக்கத்தில் ‘ஹூசியர்கள்’, ‘சூனர்கள்’ என்று அணிகள் மோதும். வரைபடத்தில் தேடினால் இந்தப் பெயர்களில் எந்த மாநிலமும் கிடைக்காது. பக்கை என்றால் ஒஹாயோ, ஹூசியர் என்றால் இண்டியானா, சூனர் என்றால் ஓக்லஹோமா. அமெரிக்காவின் 50 மாநிலங்களுக்கும் இப்படி ஒரு மறுபெயராவது உண்டு. சிலவற்றுக்கு நான்கைந்து உண்டு.

பட்டியலாகப் பார்த்தால் இவை பூ, பழம், விலங்கு, வெயில் என்று அழகான அடையாளங்களாகத் தெரியும். அந்தந்த மண்ணில் எது அதிகமோ அதை வைத்துப் பெயர் சூட்டியிருப்பார்கள் என்று நினைக்கத் தோன்றும். சிலவற்றுக்கு அது சரி. ஆனால் மக்கள் வாயில் நிலைத்த பழைய பெயர்களில் பல, பக்கத்து மாநிலத்தான் கிண்டலாகச் சொன்னவை. வசவாக வந்த பெயரை அந்த ஊர்க்காரர்களே எடுத்துப் பெருமையாகச் சூடிக்கொண்டார்கள். அதற்கும் வெகுநாள் கழித்துத்தான் சட்டமன்றமும் சுற்றுலாத் துறையும் உள்ளே வந்தன. இந்த வரிசை பிடிபட்டால் ஒவ்வொரு பெயருக்குப் பின்னாலும் ஒரு தொழில், ஒரு சண்டை அல்லது ஒரு மோசடி இருப்பது தெரியவரும்.

முதலில், எது பட்டப்பெயர்?

மூன்று விஷயங்களை ஒன்றோடொன்று போட்டுக் குழப்பிக்கொள்வது வழக்கம்.

1. பட்டப்பெயர்: மாநிலத்தைக் குறிக்கும் மறுபெயர். டெக்சஸை ‘ஒற்றை நட்சத்திர மாநிலம்’ என்பது இதற்கு உதாரணம். 1836 முதல் 1845 வரை டெக்சஸ் தனி நாடாக இருந்தது. அந்த நாட்டின் கொடியில் இருந்த ஒரே நட்சத்திரம்தான் பெயரானது. பட்டப்பெயருக்குச் சட்ட அங்கீகாரம் இருந்தாக வேண்டும் என்று கிடையாது.

2. குறிக்கோளுரை: மாநிலம் தன் கொள்கையாக ஏற்றுக்கொண்ட வாசகம். நியூ ஹாம்ப்ஷயரின் ‘சுதந்திரமாக வாழ், இல்லையேல் மடி’ என்பது பட்டப்பெயர் கிடையாது, குறிக்கோளுரை. புரட்சிப் போரில் பங்கேற்ற தளபதி ஜான் ஸ்டார்க் 1809-இல் எழுதியனுப்பிய வாழ்த்தில் உள்ள வரி அது. அந்த மாநிலம் இதைக் கார்களின் நம்பர் பிளேட்டில் போட்டது. தன் மத நம்பிக்கைக்கு ஒவ்வாது என்று ஒருவர் அதை மறைத்து வண்டி ஓட்டியதால் வழக்கானது. ஒரு குடிமகனை இப்படி நடமாடும் விளம்பரப் பலகையாக்க அரசுக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 1977-இல் தீர்ப்பளித்தது.

3. மக்கள் பெயர்: அங்கே வாழ்பவரை எப்படி அழைப்பது என்பது. இண்டியானாவில் வாழ்பவர் ‘இண்டியானியன்’ என்றுதான் அரசு ஏடுகளில் வெகுகாலம் இருந்தார். மக்களோ தங்களை ஹூசியர் என்றே சொல்லிவந்தார்கள். 2017-இல்தான் மத்திய அரசின் அச்சகம் தன் எழுத்துநடைக் கையேட்டில் ஹூசியர் என்று மாற்றியது.

ஹூசியர் என்ற சொல் எங்கிருந்து வந்தது என்பதில் இன்றும் கருத்தொற்றுமை இல்லை. குடிசைக் கதவைத் தட்டியதும் ‘யாரது?’ என்று உள்ளிருந்து கேட்கும் கொச்சை என்பார்கள் சிலர். ஹூசியர் என்ற பெயருள்ள ஒப்பந்தக்காரரிடம் வேலை செய்த ஆட்கள் என்பார்கள் வேறு சிலர். இங்கிலாந்தின் மலைநாட்டு வழக்கிலிருந்து வந்த சொல் என்பது இன்னொரு கருத்து. 1833 புத்தாண்டன்று இண்டியானாபொலிஸ் இதழ் ஒன்றில் வெளியான கவிதை இந்தச் சொல்லை நாடெங்கும் கொண்டுபோனது என்பது மட்டும் உறுதி. அதற்கு முன் அது நாட்டுப்புறத்தானைக் கேலி செய்யும் சொல்லாக இருந்தது.

காலில் ஒட்டிய தார்

வசவு பெருமையாக மாறுவதை வட கரோலினாவில் தெளிவாகப் பார்க்கலாம். அதன் பட்டப்பெயர் ‘தார் ஹீல்’, அதாவது தார்க் குதிகால்.

மரக்கப்பல்களின் காலத்தில் தார் இல்லாமல் கடற்படை இல்லை. பலகை இடுக்குகளை அடைக்கவும், கயிறுகள் உப்புநீரில் இற்றுப்போகாமல் காக்கவும் தார் வேண்டும். பிரிட்டன் இதற்குப் பால்டிக் கடல் நாடுகளை நம்பியிருந்தது. அந்த நிலை மாற வேண்டும் என்று 1705-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்து, அமெரிக்கக் காலனிகளிலிருந்து வரும் தார், கீல், டர்பன்டைன் ஆகியவற்றுக்கு ஊக்கத்தொகை அறிவித்தது. வட கரோலினாவின் கடலோரச் சமவெளி முழுக்க நீள ஊசியிலைப் பைன் காடு. தொழில் அங்கே வேர்விட்டது.

தார் எடுத்த விதத்தைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்க வேண்டும். காட்டில் விழுந்து கிடக்கும் பிசின் நிறைந்த பைன் கட்டைகளைப் பொறுக்கி வந்து, நடுப்பக்கம் சரிந்த களிமண் தரைமேல் அடுக்குவார்கள். மேலே மண்ணைப் போட்டு மூடி, காற்று அதிகம் புகாதபடி தீ மூட்டுவார்கள். கிட்டத்தட்ட கரிமூட்டம் போடுவது மாதிரிதான். கட்டை எரியாமல் புழுங்கும். உள்ளிருக்கும் பிசின் உருகித் தாராக வழிந்து, வாய்க்கால் வழியே வெளியில் வெட்டிய குழியில் சேரும். நாள்கணக்கில், இரவும் பகலும் மூட்டத்துக்குப் பக்கத்திலேயே நிற்க வேண்டும். மண் வெடித்துக் காற்று புகுந்தால் மொத்தமும் தீப்பிடித்துக்கொள்ளும். அந்தத் தாரைப் பீப்பாய்களில் அள்ளியவர்கள் பெரும்பாலும் வெறுங்காலோடு நின்ற ஏழைகளும், அடிமைகளாக வைக்கப்பட்டிருந்த கறுப்பின மக்களும்தான். குதிகாலில் ஒட்டிய தார் எளிதில் போகாது.

ஆகவே தார் ஹீல் என்பது ‘காலில் அழுக்கு போகாத கூலி’ என்று சொல்வதற்குச் சமம். உள்நாட்டுப் போரின்போது (1861-65) பொருள் திரும்பியது. தார் ஒட்டிய கால் நின்ற இடத்தை விட்டு நகராது, நாங்களும் களத்தைவிட்டு நகர மாட்டோம் என்று வட கரோலினாப் படைவீரர்கள் அதே சொல்லைத் தங்களுக்குச் சூடிக்கொண்டார்கள். இன்று வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் விளையாட்டு அணிகளுக்கு இதுதான் பெயர். மைக்கேல் ஜோர்டான் தொழில்முறை ஆட்டக்காரராவதற்கு முன் 1981 முதல் 1984 வரை ஆடியது இந்த அணியில்தான். அணியின் சின்னங்களில் ஒன்று, குதிகாலில் கறுப்பு படிந்த ஒரு பாதம்.

இந்தப் பெருமையில் ஒரு குறை இருக்கிறது. சொல்லை மீட்டெடுத்தவர்கள், அடிமை முறையைக் காக்கப் போரிட்ட தெற்கின் படைவீரர்கள். தாரில் நின்று வெந்தவர்களில் பெரும் பகுதியினரான அடிமை மக்களுக்கு அந்தப் பெயரில் பங்கு கொடுக்கப்படவில்லை.

நிலைத்த வசவும் உதிர்ந்த வசவும்

எல்லா வசவும் பெருமையாகிவிடாது. ஒரே தொழிலிலிருந்து பிறந்த இரண்டு பெயர்களை ஒப்பிட்டால் இது புரியும்.

1820-களில் இன்றைய விஸ்கான்சினின் தென்மேற்கு மூலையில் ஈயச் சுரங்கம் தோண்ட ஆட்கள் குவிந்தார்கள். வீடு கட்ட நேரமில்லாதவர்கள் மலைச்சரிவிலேயே பொந்து தோண்டிக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். மண்ணைத் தோண்டி வளையில் வாழும் பேட்ஜர் என்ற விலங்கின் பெயரை அவர்களுக்கு வைத்தார்கள். தெற்கே இல்லினாயிலிருந்து வந்த இன்னொரு கூட்டம் வசந்தத்தில் வந்து வேலை பார்த்துவிட்டு, குளிர் தொடங்கியதும் ஊர் திரும்பிவிடும். ஆற்றில் பருவத்துக்குப் பருவம் இடம் மாறும் ‘சக்கர்’ மீனின் பெயர் அவர்களுக்கு ஒட்டியது என்பது வழக்கமான விளக்கம்.

பேட்ஜர் நிலைத்தது. குளிரிலும் இடத்தைவிட்டு நகராத ஆள் என்ற மரியாதை அந்தப் பெயரில் ஒளிந்திருந்தது. 1957-இல் அது மாநில விலங்காகவும் ஆனது. சக்கர் என்ற சொல்லுக்கோ எளிதில் ஏமாறுபவன் என்ற பொருளும் உண்டு. அதை யார் சுமப்பார்கள்? இல்லினாய் அதைக் கைவிட்டு, 1955-இல் ‘லிங்கனின் மண்’ என்பதை அதிகாரபூர்வமாக எடுத்துக்கொண்டது.

கனெக்டிகட்டின் கதை இன்னும் சுவையானது. அதன் பழைய பெயர் ‘ஜாதிக்காய் மாநிலம்’. அங்கே ஜாதிக்காய் விளைவதில்லை. அந்த ஊர்த் தெருவியாபாரிகள் ஊர் ஊராகச் சென்று, மரத்தில் செதுக்கிய போலி ஜாதிக்காயை விற்று ஏமாற்றினார்கள் என்பது மற்ற மாநிலத்தவரின் குற்றச்சாட்டு. ஜாதிக்காயை உரசித்தான் பயன்படுத்த வேண்டும் என்று தெரியாதவர்கள் அதை வாதுமைக்கொட்டைபோல உடைக்கப் பார்த்து, முடியாமல் மரக்கட்டை என்று பழி போட்டார்கள் என்பது கனெக்டிகட்காரர்களின் பதில். சட்டமன்றம் 1959-இல் ‘அரசமைப்பு மாநிலம்’ என்ற கௌரவமான பெயரைச் சட்டமாக்கியது. 1639-இல் அந்தக் காலனி தனக்கென எழுதிக்கொண்ட ஆட்சி விதிகளை அது நினைவூட்டுகிறது. ஆனால் மாநிலத்து மக்கள் தங்களை இன்றும் ஜாதிக்காய்க்காரர்கள் என்று சொல்லிக்கொள்வதுண்டு. சட்டம் கொடுத்த பெயரைவிட வாய் கொடுத்த பெயருக்கு ஆயுள் கெட்டி.

எல்லைத் தகராறில் பிறந்த விலங்கு

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் கடைசியில் மிச்சிகன், ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகங்களின் அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் நடக்கும். வுல்வரின்களும் பக்கைகளும் மோதும் இந்த ஆட்டம் நாட்டின் பெரிய விளையாட்டுப் பகைகளில் ஒன்று. இதற்கு ஒரு முன்கதை உண்டு.

1787-இன் சட்டம், மிச்சிகன் ஏரியின் தென்கோடியிலிருந்து கிழக்கே ஒரு நேர்கோடு இழுத்து, பின்னாளில் மிச்சிகன், ஒஹாயோ ஆன பகுதிகளுக்கு எல்லையாக்கச் சொன்னது. அக்கால வரைபடத்தில் ஏரியின் தென்கோடி உண்மையான இடத்தைவிட வடக்கே தள்ளிக் குறிக்கப்பட்டிருந்தது. விளைவு, சுமார் 468 சதுர மைல் நிலத்துக்கு இரண்டு பக்கமும் உரிமை கோரியது. அதில்தான் டொலீடோ துறைமுகம் இருந்தது. 1825-இல் ஈரி கால்வாய் திறந்த பிறகு அந்தத் துறைமுகத்தின் மதிப்பு எங்கேயோ போய்விட்டது.

1835-இல் இரு தரப்பும் துணைப்படைகளைத் திரட்டின. மிச்சிகனின் ஆளுநர் ஸ்டீவன்ஸ் மேசனுக்கு அப்போது வயது 23. டொலீடோ போர் என்று பெயர் பெற்ற இதில் உயிர்ச்சேதம் இல்லை. கைதுசெய்ய வந்த மிச்சிகன் அதிகாரி ஒருவர் பேனாக்கத்தியால் குத்துப்பட்டார், பிழைத்தும் கொண்டார். கடைசியில் நாடாளுமன்றம் டொலீடோவை ஒஹாயோவுக்குக் கொடுத்தது. மிச்சிகனுக்கு ஈடாகக் கிடைத்தது வடக்கே ஏரிக்கு அப்பாலுள்ள மேல் தீபகற்பத்தின் பெரும்பகுதி. 1837 ஜனவரி 26-இல் மிச்சிகன் மாநிலமானது. ஏமாந்துவிட்டோம் என்று முணுமுணுத்தவர்களின் அந்தக் காட்டில் சீக்கிரமே செம்பும் இரும்பும் கிடைத்தன.

வுல்வரின் என்பது பெருந்தீனிக்கும் முரட்டுத்தனத்துக்கும் பேர்போன வடநாட்டு விலங்கு. இந்தத் தகராறின்போது ஒஹாயோக்காரர்கள் மிச்சிகன்காரர்களுக்கு வைத்த வசவு இது என்பது பரவலாகச் சொல்லப்படும் விளக்கம். தோல் வணிகத்தில் வுல்வரின் தோல் மிச்சிகன் வழியாகப் போனதால் வந்த பெயர் என்போரும் உண்டு. ஆனால் மிச்சிகன் காட்டில் அந்த விலங்கைக் காண்பதே அரிது. 2004-இல் ஒன்று தென்பட்டபோது அது செய்தியானது.

பக்கை என்பது ஒரு மரம். பளபளப்பான பழுப்பு நிறக் கொட்டையில் வெளிறிய வட்டம் இருக்கும், பார்க்க மானின் கண்போல. இதை நாடறியச் செய்தது 1840 குடியரசுத் தலைவர் தேர்தல். ஒஹாயோவின் வில்லியம் ஹென்றி ஹாரிசனை, மரக்குடிசையில் உட்கார்ந்து ஆப்பிள் கள் குடிக்கத்தான் லாயக்கு என்று எதிர்த்தரப்புப் பத்திரிகை எழுதியது. அவருடைய ஆதரவாளர்கள் அதையே பிடித்துக்கொண்டார்கள். பக்கைக் கட்டைகளால் செய்த குடிசைகளை ஊர்வலத்தில் இழுத்தார்கள், பக்கைக் கைத்தடியோடு வீதியில் நடந்தார்கள். ஹாரிசன் வென்றார். பதவியேற்ற 31-ஆம் நாளே இறந்தும் போனார். பெயர் மட்டும் மாநிலத்தோடு தங்கிவிட்டது.

நம்பர் பிளேட் வந்த பிறகு

20-ஆம் நூற்றாண்டில் பட்டப்பெயரின் வேலையே மாறியது. கார் வந்தது, நம்பர் பிளேட் வந்தது, சுற்றுலா வந்தது. பெயர் விளம்பரமானது. விளம்பரம் என்றால் போட்டியும் உண்டு.

‘சூரிய ஒளி மாநிலம்’ என்றதும் இன்று புளோரிடாதான் நினைவுக்கு வரும். ஆனால் நியூ மெக்சிகோ 1932-இலேயே அந்தச் சொல்லைத் தன் பிளேட்டில் அச்சடித்திருந்தது. தெற்கு டகோட்டாவின் கொடியிலும் அதே சொல் இருந்தது. புளோரிடா 1949-இல் பிளேட்டில் போட்டு, 1970-இல் சட்டமாக்கியது. நியூ மெக்சிகோ அதற்குள் ‘மயக்கும் மண்’ என்று மாறியிருந்தது. தெற்கு டகோட்டா 1992-இல் கொடியையே திருத்தி ‘மவுண்ட் ரஷ்மோர் மாநிலம்’ என்று எழுதியது.

ஆர்கன்சா இதில் தனி ரகம். பழைய பேச்சுவழக்கில் அது ‘கரடி மாநிலம்’. 1923-இல் சட்டமன்றம் ‘அதிசய மாநிலம்’ என்றது. 1953-இல் ‘வாய்ப்புகளின் மண்’. 1995-இல் ‘இயற்கை மாநிலம்’. தொழிலதிபர்களை அழைத்த காலத்திலிருந்து சுற்றுலாப் பயணிகளை அழைக்கும் காலத்துக்கு அந்த மாநிலம் நகர்ந்ததை இந்தப் பெயர்களிலேயே படிக்கலாம். ‘பீச் மாநிலம்’ எனப்படும் ஜார்ஜியாவும் அதே 1995-இல்தான் பீச்சை மாநிலப் பழமாக அறிவித்துச் சட்டம் போட்டது. பீச் பழ விளைச்சலில் கலிபோர்னியா அதைவிட வெகுதூரம் முன்னால் இருக்கிறது.

நேரத்துக்கு முன் நுழைந்தவர்கள்

கடைசியாக ஓக்லஹோமா. பட்டப்பெயர் எதை நினைவில் வைக்கிறது, எதை மறைக்கிறது என்பதற்கு இதைவிட அழுத்தமான உதாரணம் எனக்குத் தெரியவில்லை.

1. ஓக்லஹோமா என்ற பெயரே சோக்டா மொழிச் சொற்களால் ஆனது. பொருள், சிவந்த மக்கள். 1830-களில் தென்கிழக்கு மாநிலங்களிலிருந்து பூர்வகுடிகள் வலுக்கட்டாயமாக விரட்டிக் குடியேற்றப்பட்ட நிலம் அது. இது உங்களுக்கே என்று உறுதியும் தரப்பட்டது.

2. உள்நாட்டுப் போருக்குப் பின் கிரீக், செமினோல் இனத்தாரிடமிருந்து வாங்கிய நிலத்தில் சுமார் 20 லட்சம் ஏக்கர் யாருக்கும் ஒதுக்கப்படாமல் நடுவில் கிடந்தது. அதை வெள்ளையருக்குத் திறந்துவிடச் சொல்லிப் பல ஆண்டுகள் அத்துமீறி நுழைந்தவர்களுக்குப் ‘பூமர்’ என்று பெயர்.

3. 1889 மார்ச்சில் குடியரசுத் தலைவர் பெஞ்சமின் ஹாரிசன் அறிவிப்பு வெளியிட்டார். பக்கை ஹாரிசனின் பேரன்தான் இவர். ஏப்ரல் 22 நண்பகல் 12 மணிக்கு எல்லை திறக்கும், முதலில் போய்ச் சேர்பவருக்கு 160 ஏக்கர். அதற்கு முன் உள்ளே நுழைந்தவருக்கு எந்த உரிமையும் கிடையாது என்று சட்டம் தெளிவாகச் சொன்னது.

அந்தத் திங்கட்கிழமை சுமார் 50,000 பேர் எல்லையில் நின்றார்கள். குதிரை, கூண்டு வண்டி, ரயில், சிலர் கால்நடையாக. எக்காளம் முழங்கியதும் ஓடினார்கள். காலையில் வெறும் ரயில் நிலையமாக இருந்த ஓக்லஹோமா சிட்டியில் அன்று மாலைக்குள் 10,000 பேர் கூடாரம் அடித்திருந்தார்கள். ஆனால் மூச்சிரைக்க ஓடிவந்த பலர், நல்ல நிலத்தில் ஏற்கெனவே ஒருவர் முளை அடித்து உட்கார்ந்திருப்பதைக் கண்டார்கள். முந்தைய இரவுகளில் திருட்டுத்தனமாக நுழைந்து ஓடைப் பள்ளங்களிலும் புதர்களிலும் ஒளிந்திருந்தவர்கள் அவர்கள். நெடுந்தூரம் ஓடிவந்ததுபோலக் காட்ட, குதிரையின் உடம்பில் சோப்பு நுரை தடவினார்கள் என்றும் கதை உண்டு. நேரத்துக்கு முன் வந்தவர்கள் என்ற பொருளில் அவர்களுக்கு ‘சூனர்’ என்று பெயர் விழுந்தது. அப்போது அது திருடன் என்பதற்கு ஒரு படி கீழே.

வழக்குகள் ஆண்டுக்கணக்கில் நடந்தன. ஒரு ரயில்வே தொழிலாளி, தன் வேலைக்காகச் சட்டப்படியே உள்ளே தங்கியிருந்தவர், சரியாக 12 மணிக்குத் தண்டவாளத்திலிருந்து இறங்கிப் பக்கத்து நிலத்துக்கு முளை அடித்தார். அவருக்கும் அந்த நிலம் கிடையாது என்று உச்ச நீதிமன்றம் 1893-இல் சொல்லிவிட்டது.

பதினைந்தே ஆண்டுகளில் காற்று திசைமாறியது. 1907-இல் ஓக்லஹோமா மாநிலமானது. அடுத்த ஆண்டே ஓக்லஹோமாப் பல்கலைக்கழகக் கால்பந்து அணி தன்னைச் சூனர்கள் என்று அழைத்துக்கொண்டது. முந்திக்கொள்ளும் துடிப்பு, சுறுசுறுப்பு என்று பொருள் மாறிவிட்டது. தார் ஹீலிலும் பேட்ஜரிலும் நடந்த அதே மாற்றம்தான். ஒரு வேறுபாடு உண்டு. அங்கே வசவு வாங்கியவன் உழைத்தவன். இங்கே வசவுக்குக் காரணம் உண்மையிலேயே ஒரு சட்டமீறல். அதற்கும் கீழே, ஓட்டப்பந்தயமே யாருடைய நிலத்தில் நடந்தது என்ற கேள்வி இருக்கிறது.

அந்தக் கேள்வி இப்போது அந்த மாநிலத்திலேயே எழுந்திருக்கிறது. குழந்தைகளைத் தொப்பியும் பாவாடையும் அணியவைத்து நில ஓட்டத்தை நடித்துக்காட்டும் வழக்கத்தைப் பல பள்ளிகள் கைவிட்டுவிட்டன. 1989-இல் தொடங்கிப் பல ஆண்டுகள் மாநில நம்பர் பிளேட்டில் ‘பூர்வகுடி அமெரிக்கா’ என்று அச்சிட்டார்கள். ஆனால் பல்கலைக்கழக மைதானத்தில் அணி புள்ளி எடுத்ததும் ஒரு கூண்டு வண்டி இன்றும் புல்தரையில் சுற்றி வருகிறது. இழுப்பவை இரண்டு வெள்ளைக் குட்டைக் குதிரைகள். ஒன்றின் பெயர் பூமர், இன்னொன்றின் பெயர் சூனர்.